நர்சரியும் வீடும் சேர்ந்து குழந்தையின் கற்றலை வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

3 வயதுக் குழந்தை ஒரு நாளில் 11 மணி நேரம் தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விழித்திருக்கும் நேரம் 13 மணி. வாரத்துக்கு 91 மணி. நாளுக்கு 4 மணி வீதம் வாரத்தில் 5 நாள் நர்சரிக்கு வந்தால், நர்சரிக்குக் கிடைப்பது 20 மணி நேரம். மீதி 71 மணி நேரமும் வீட்டாருடையது. நாள் முழுவதும், 8 மணி நேரம் விட்டுச் செல்லும் குடும்பத்தில்கூட வீட்டின் பங்கு 51 மணி. இந்தக் கணக்கை நர்சரியில் வேலை செய்பவர்கள் முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 1997இல் தொடங்கி சுமார் 3,000 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. பெற்றோர் என்ன படித்தவர்கள், என்ன வேலை பார்ப்பவர்கள் என்பதைவிட, வீட்டில் குழந்தையோடு என்ன செய்கிறார்கள் என்பதே கற்றலுக்கு முக்கியம் என்று அது கண்டது. கணக்கில் எடுத்துக்கொண்டவை எல்லாம் எளிய காரியங்கள்: வாசித்துக் காட்டுவது, நூலகத்துக்கு அழைத்துப் போவது, பாட்டுப் பாடுவது, வரைய விடுவது, எழுத்தோடும் எண்ணோடும் விளையாடுவது.

இதைப் படித்ததும் பல நர்சரிகள் செய்யும் தவறு, பெற்றோருக்குப் பாடம் எடுக்கத் தொடங்குவது. பெற்றோருக்கு இந்த ஒரு குழந்தையைப் பற்றி எல்லாம் தெரியும். ஆசிரியருக்கு இந்த வயதுக் குழந்தைகள் நிறையப் பேரைத் தெரியும். இரண்டு பேர் அறிந்ததும் ஒன்று சேர்ந்து, நாளைக்குக் குழந்தையோடு பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் ஒரு சிறு மாற்றமாவது வர வேண்டும். அப்படி வராத கூட்டமும் டைரியும் போட்டோவும் வெறும் சடங்குதான்.

முதல் படி: சேர்க்கும் முன் கேளுங்கள்

சேர்க்கைப் படிவத்தை அலுவலகத்தில் நிரப்பி வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டால், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கப்போகும் ஆசிரியர் அதைப் பார்க்கப்போவதே இல்லை. அந்த ஆசிரியரே, குழந்தை வருவதற்கு ஒரு வாரம் முன்பாவது பெற்றோரோடு 40 நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பேசும்போது குழந்தையும் கூட இருக்கட்டும். அது எதை எடுக்கிறது, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அம்மாவின் மடிக்குத் திரும்புகிறது என்று பார்ப்பதே பாதித் தகவல்.

ஒவ்வாமை, மருந்து, யார் வந்து அழைத்துப் போகலாம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது ஆகியவை கட்டாயம். அவற்றை எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு முடித்துவிடுங்கள். நேரத்தைச் செலவிட வேண்டியது வேறு கேள்விகளில். எதில் தன்னை மறந்து மூழ்கும்? அழுதால் எப்படி அமைதியாகும்: தூக்கி நடந்தாலா, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாலா, ஒரு துணியைப் பிடித்துக்கொண்டாலா? தூக்கம் வருவதை எப்படிக் காட்டும்? எதற்குப் பயம்? வீட்டில் யாரோடு அதிக நேரம் இருக்கிறது? உங்கள் குழந்தையைப் பற்றி எங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று என்ன? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் முதல் வாரத்தைக் காப்பாற்றும்.

கூடவே ஒரு சொல் பட்டியல் வாங்குங்கள். தண்ணீர், பால், பசி, சிறுநீர், மலம், வலி, தூக்கம், பயம், தூக்கு, வேண்டாம், அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்று 15, 20 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் இந்தக் குழந்தை சொல்லும் மழலைச் சொல் என்ன? "மம்மு" என்றால் ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டில் தண்ணீர். சொல் வராத குழந்தை என்ன சைகை காட்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தான் கேட்டது புரியாமல் போவதால் அழும் குழந்தையை, பிடிவாதக் குழந்தை என்று முதல் நாளே முத்திரை குத்திவிடும் அநியாயம் இந்த ஒரு பட்டியல் இல்லாததால் நடக்கிறது. பட்டியலை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, வகுப்பறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். மாற்று ஆசிரியர் வரும் நாளில் அதன் அருமை தெரியும்.

இரண்டாம் படி: குழந்தைக்கு ஒரு பொறுப்பாசிரியர்

பிரிட்டனின் குழந்தைக் கல்வியாளர் எலினர் கோல்ட்ஷ்மீட் பரப்பிய இந்த முறை இன்று பல நாடுகளில் வழக்கம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு. காலையில் வாங்கிக்கொள்வது, டயப்பர் மாற்றுவது, தூங்க வைப்பது, குறிப்பு எழுதுவது, பெற்றோரோடு பேசுவது எல்லாம் முடிந்தவரை அவரே. அவர் விடுப்பில் இருந்தால் இன்னார் என்று இரண்டாவது பெயரும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எல்லா டீச்சரும் எல்லாக் குழந்தையையும் பார்த்துக்கொள்வார்கள்" என்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் யாருக்கும் எந்தக் குழந்தையும் ஆழமாகத் தெரியாது, பெற்றோர் யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நிற்பார்கள்.

மூன்றாம் படி: பழக்கும் நாட்கள்

பிரிவைத் தாங்கப் பழகுவதே நர்சரியில் குழந்தை கற்கும் முதல் பாடம். அழுது ஓய்ந்த குழந்தை எதையும் கற்காது. 1980களில் பெர்லினில் உருவான பழக்கும் முறை ஒன்று, பின்பற்ற எளிது, காரணமும் தெளிவு.

முதல் 3 நாள் அம்மாவோ அப்பாவோ, வீட்டில் நெருக்கமாக உள்ள ஒருவர், குழந்தையோடு வகுப்பறையில் சுமார் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, குழந்தையோடேயே கிளம்புவார். பிரிக்கும் முயற்சி கிடையாது. பெற்றோர் ஓரமாக ஒரே இடத்தில் உட்கார வேண்டும். குழந்தை வந்தால் அணைக்கலாம். "போ, போய் விளையாடு" என்று தள்ளக் கூடாது. செல்பேசியில் மூழ்கவும் கூடாது. மற்றக் குழந்தைகளோடு விளையாடத் தொடங்கினால் சொந்தக் குழந்தைக்குப் பொறாமைதான் மிஞ்சும். பொறுப்பாசிரியர் குழந்தையை அவசரப்படுத்தாமல், விளையாட்டின் வழியாக மெல்ல நெருங்குவார்.

4ஆம் நாள் முதல் பிரிவு. அது திங்கட்கிழமையாக வந்தால் செவ்வாய்க்குத் தள்ளுங்கள்; விடுமுறைக்குப் பின் வீட்டு நினைப்பு அதிகம். வந்து சில நிமிடம் கழித்து, பெற்றோர் "நான் வெளியே போறேன், திரும்பி வந்துருவேன்" என்று குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அறையை விட்டுப் போவார். கட்டடத்தை விட்டுப் போக மாட்டார். குழந்தை கலங்காமல் விளையாடினாலோ, அழுதும் ஆசிரியரிடம் சமாதானமானாலோ, அதிகபட்சம் 30 நிமிடம். 2, 3 நிமிடத்தில் அடங்காத அழுகை என்றால் உடனே பெற்றோரைக் கூப்பிடுங்கள்; 7ஆம் நாளுக்கு முன் மறுபடி பிரிக்க முயலாதீர்கள். சில குழந்தைகளுக்கு ஒரு வாரம் போதும். சிலருக்கு 2, 3 வாரம் வேண்டும். இதை முன்கூட்டியே சொன்னால்தான் பெற்றோர் வேலையிடத்தில் விடுப்புக் கேட்க முடியும்.

கெட்டுப்போகும் இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றேதான். குழந்தை பார்க்காதபோது நழுவிப் போவது முதல் தவறு. அன்று அழுகை குறையும். ஆனால் திரும்பிப் பார்த்தால் அம்மா இருக்க மாட்டாள் என்று கற்ற குழந்தை, அதன்பின் வீட்டிலும் அவள் காலை விடாது. வாசலில் நான்கு தடவை விடைபெறுவதும், போனபின் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் இரண்டாவது. மூன்றாவது ஆசிரியர்களின் தவறு: அழாத குழந்தையைப் பழகிவிட்டதாக எண்ணுவது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை பழகவில்லை, உறைந்திருக்கிறது. விழுந்தால் ஆசிரியரிடம் ஓடி வருகிறதா, சாப்பிடுகிறதா, விளையாட்டில் சத்தம் போடுகிறதா என்பவைதான் பழகியதன் அடையாளம். நன்றாக வந்துகொண்டிருந்த குழந்தை மூன்றாவது வாரத்தில் திடீரென்று அழலாம்; புதுமை தீர்ந்து, இது தினமும் நடக்கப்போகிறது என்று அதற்கு உறைத்திருக்கிறது. பெற்றோருக்கு இதை முதல் வாரமே சொல்லிவையுங்கள்.

நான்காம் படி: வாசலில் 2 நிமிடம், டைரியில் 4 வரி

"இன்னைக்கு எப்படி இருந்தான்?" "நல்லா இருந்தான்." இந்த உரையாடல் ஆயிரம் தடவை நடந்தாலும் யாருக்கும் எதுவும் தெரியவராது. மாலையில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: பார்த்த ஒரு காட்சி, அது எதைக் காட்டுகிறது, வீட்டில் அதை எப்படித் தொடரலாம்.

உதாரணமாக: "இன்னைக்கு அட்டைக் குழாய் வழியா பந்தை உருட்டிவிட்டு, அந்தப் பக்கம் ஓடிப் போய்ப் பிடிச்சான். பதினோரு தடவை. கண்ணுக்குத் தெரியாட்டியும் பந்து எங்கே வரும்னு கணிக்கிறான். வீட்டுல சாய்வா ஒரு பலகை வெச்சு வேற வேற பொருளை உருட்டிப் பார்க்க விடுங்க." இவ்வளவுதான். 30 விநாடி.

இப்படிப் பேச ஆசிரியருக்கு ஒரு பார்வை வேண்டும். 2, 3 வயதில் குழந்தைகள் ஒரே செயலைப் பல பொருள்களில் திரும்பத் திரும்பச் செய்யும். ஒரு குழந்தை எல்லாவற்றையும் எறியும்: கரண்டி, செருப்பு, சாவி. இன்னொன்று எல்லாவற்றையும் துணியில் சுற்றும், பெட்டிக்குள் திணிக்கும், தானும் போர்வைக்குள் புகுந்துகொள்ளும். மூன்றாவது, பையில் சாமான்களை அள்ளி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சுமக்கும். நான்காவது, சுழல்வதையே பார்த்துக்கொண்டிருக்கும்: சக்கரம், மூடி, மின்விசிறி. 1970களில் பிரிட்டிஷ் கல்வி ஆய்வாளர் கிறிஸ் ஏத்தி இவற்றைக் குழந்தைகளின் சிந்தனைக் கோலங்களாகப் பெற்றோரோடு சேர்ந்தே ஆராய்ந்தார். வீட்டார் கண்ணுக்கு இவை குறும்பு. ஆனால் எறியும் குழந்தை தூரத்தையும் வேகத்தையும், சுற்றும் குழந்தை உள்ளே வெளியே என்பதையும் அளவையும், சுமக்கும் குழந்தை எண்ணிக்கையையும் எடையையும் கையால் படிக்கின்றன.

இதைப் புரியவைத்துவிட்டால் வீட்டில் நடப்பதே மாறும். "எறியாதே" என்று நாள் முழுதும் கத்துவதற்குப் பதில், சாவியை எடுத்துவிட்டு, சுருட்டிய காலுறைகள் 6ஐயும் ஒரு கூடையையும் கொடுப்பார்கள். எல்லை அப்படியே இருக்கும்: ஆள் மேல் எறியக் கூடாது, கண்ணாடியை எறியக் கூடாது. எறிய ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே. நர்சரியும் அதையே அதே சொற்களில் சொன்னால் குழந்தைக்குக் குழப்பம் இல்லை.

டைரி இரண்டு பக்கமும் எழுதப்பட வேண்டும். பெற்றோர் எழுதுவதில்லை என்று நர்சரிகள் குறைப்படுகின்றன. பெரும்பாலும் கேள்விதான் தவறு. "வீட்டில் என்ன கற்றது?" என்று கேட்டால் தேர்வுத் தாளைப் பார்த்த பயம்தான் வரும். "இந்த வாரம் எதைத் திரும்பத் திரும்பச் செய்தது? புதிதாக என்ன சொன்னது, அதன் சொற்களிலேயே எழுதுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எழுதத் தயங்குபவர்கள் ஒரு குரல் செய்தி அனுப்பட்டும். ஆசிரியர் அதை எழுதிக்கொள்ளலாம். பெற்றோர் எழுதியதற்கு மறுநாள் பதில் வர வேண்டும், அது வகுப்பில் தெரியவும் வேண்டும். வீட்டில் எறும்பு வரிசையைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது என்று அப்பா எழுதினால், மறுநாள் தோட்டத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி காத்திருக்கட்டும். இரண்டு தடவை இப்படி நடந்தால் அந்த அப்பா எழுதுவதை நிறுத்த மாட்டார்.

வாட்ஸ்அப் குழுவை அறிவிப்புக்கு மட்டும் வையுங்கள். தனிக் குழந்தையின் நடத்தை, உடல்நிலை, கடித்தது யார் என்பது எதுவும் அங்கே வரக் கூடாது. பிற குழந்தைகள் தெரியும் போட்டோவுக்கு அவர்கள் பெற்றோரின் எழுத்து அனுமதி தேவை. ஒரு நாளில் 30 போட்டோ அனுப்புவது பெற்றோரை மகிழ்விக்கும், ஆனால் எதையும் சொல்லாது. அதற்காகக் கேமராவைத் தூக்கும் ஆசிரியர் அந்த நேரம் குழந்தையைப் பார்க்கவும் இல்லை. ஒரு போட்டோ, அதன் கீழ் இரண்டு வரி.

ஐந்தாம் படி: வீட்டுக்கு எதைக் கொடுத்தனுப்புவது

பணித்தாள்களைக் கொடுக்காதீர்கள். புள்ளியை இணைக்கும் தாள் வீட்டுக்குப் போனால், இரவு 8 மணிக்குக் களைத்த அம்மாவும் களைத்த குழந்தையும் மல்லுக்கு நிற்பார்கள். கடைசியில் அம்மா கையைப் பிடித்து எழுதிக் கொடுத்தனுப்புவார். குழந்தை கற்றது, எழுதுவது கசப்பு என்பதை மட்டும்.

பேச்சு. குழந்தை ஒன்றைக் காட்டினால், பார்த்தால், ஒலி எழுப்பினால், பெரியவர் அதற்கே பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மனத்துக்குள் 5 எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்குச் சொல் திரட்ட அவ்வளவு நேரம் தேவை. நாம் பெரும்பாலும் ஒரு விநாடியில் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். "இது என்ன கலர்? இது என்ன ஷேப்?" என்ற விசாரணையைக் குறைத்து, குழந்தை சொன்னதை ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "கார்" என்றால், "ஆமா, சிவப்புக் கார் போகுது."

புத்தகம். அமெரிக்காவில் 1988இல் வெளியான ஆய்வில், 2 வயதுக் குழந்தைகளின் பெற்றோர் ஒரு மாதம் வாசிக்கும் விதத்தை மாற்றினார்கள். அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல் வாசிக்கக் கேட்டவர்களைவிட முந்தியிருந்தது. முறை இதுதான்: படத்தைக் காட்டிக் குழந்தையைச் சொல்லத் தூண்டுவது, சொன்னதை ஏற்பது, அதைச் சற்று விரிப்பது, விரித்ததைக் குழந்தையைச் சொல்லவைப்பது. "இது யாரு?" "நாய்." "ஆமா, நனைஞ்ச நாய். எங்கே, நீ சொல்லு?" "நனைஞ்ச நாய்." ஒரு பக்கத்தில் இரண்டு தடவை போதும், எல்லா வரியிலும் நிறுத்தினால் கதை செத்துவிடும். நர்சரி வாரம் ஒரே புத்தகத்தைக் கொடுத்தனுப்பி, அதையே வகுப்பிலும் வாசிக்கட்டும். முதல் தடவை வாசித்துவிடுங்கள்; கேள்வி இரண்டாம் தடவையிலிருந்து. ஐந்தாம் தடவை குழந்தை உங்களுக்கு வாசிக்கும். பெற்றோருக்கு எழுத்து வாசிக்க வராவிட்டாலும் எழுத்தில்லாப் படப் புத்தகத்தில் இதை முழுதாகச் செய்யலாம். இதை யாருடைய முகமும் வாடாதபடி எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள்.

எண். 100 வரை ஒப்பிப்பது பாட்டு, எண்ணுவது வேறு. "மூணு ஸ்பூன் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பத்து வரை சரளமாகச் சொல்லும் பல 3 வயதுக் குழந்தைகள் கைநிறைய அள்ளித் தரும். பொருளுக்கு ஓர் எண் மட்டும், வரிசை மாறாமல், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் எண்ணிக்கை. இதில் கடைசியானது பிடிபடத்தான் மாதங்கள் ஆகும். வீட்டுக்கான வேலை: தட்டு வைக்கும்போது "நாலு பேர், நாலு தட்டு", படி ஏறும்போது எண்ணி, கடைசிப் படியில் "மொத்தம் எட்டு" என்று சொல்வது. முதலில் 1, 2, 3 உறுதியாகட்டும்.

எழுத்து. பெற்றோருக்கும் நர்சரிக்கும் இடையே அதிகம் உரசுவது இங்கேதான், ஆகவே சற்று நின்று பேசுவோம். "பக்கத்து வீட்டுக் குழந்தை எழுதுது, எங்க குழந்தை ஏன் எழுதல?" என்று கேட்கும் பெற்றோரின் பயம் உண்மையானது, "இந்த வயசுல எழுதக் கூடாது" என்ற ஒற்றை வரி அதைத் தீர்க்காது. காரணத்தைக் காட்டுங்கள். பிறக்கும்போது மணிக்கட்டின் 8 எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எலும்பாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்ற வரிசையில்தான் கை கட்டுப்பாட்டுக்கு வரும். பார்த்து வரையும் திறனும் படிப்படியானது: ஏறத்தாழ 2 வயதில் நிமிர்ந்த கோடு, அதன்பின் கிடைக்கோடு, 3இல் வட்டம், 4இல் கூட்டல் குறி, 5ஐ நெருங்கும்போது சதுரம், பின் முக்கோணம். கோடுகள் குறுக்கே வெட்டும் கூட்டல் குறியையே வரைய வராத கையிடம், சுழியும் வளைவும் குறுக்குக் கோடும் சேர்ந்த எழுத்தைக் கேட்டால், பென்சிலை முஷ்டியாகப் பிடித்து முழுக் கையால் இழுக்கும். அந்தப் பிடி பழகிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

மாற்றாக என்ன என்பதையும் அதே மூச்சில் கொடுங்கள்: மாவு பிசைவது, ஈரத் துணி பிழிவது, துணி கிளிப்பை அழுத்தி மாட்டுவது, சுவரில் ஈரத் தூரிகையால் பெரிய வட்டங்கள் போடுவது, பாதுகாப்பான கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுவது, 3 செ.மீ. நீளமே உள்ள கட்டைக் கிரேயான்; அதை முஷ்டியில் பிடிக்க இடமில்லை, விரல்கள் தாமே சேரும். மாதம் ஒருமுறை குழந்தை தானாக வரைந்த படத்தைத் தேதியிட்டு வைத்து, 4 மாதம் கழித்து வரிசையாக விரித்துக் காட்டுங்கள். எந்த விளக்கத்தையும்விட அந்த நான்கு தாள்கள் பெற்றோரை ஆறுதல்படுத்தும்.

வீட்டு மொழி. நர்சரியின் மொழி வேறாக இருந்தால், "வீட்டிலும் எங்கள் மொழியில் பேசுங்கள்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். தடுமாறிப் பேசும் மொழியில் பெற்றோர் கதை சொல்ல மாட்டார்கள், கொஞ்ச மாட்டார்கள், பேச்சே குறைந்துபோகும். குழந்தையின் சொல்வளத்தை மதிப்பிடும்போது இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டி எண்ணுங்கள். புது மொழியில் சில மாதம்வரை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதும், ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதும் இயல்பு.

திரை பற்றிச் சுருக்கமாக: உலக சுகாதார அமைப்பின் 2019 பரிந்துரைப்படி 2 வயதுக்குள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம். இதைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்காமல், எந்த நேரத்தில் திரை தேவைப்படுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் சமைக்கும் நேரம். அந்த அரை மணிக்கு ஒரு மாற்றைச் சேர்ந்து யோசிப்பது உதவி.

ஆறாம் படி: உட்கார்ந்து பேசும் சந்திப்பு

ஆண்டுக்கு 3 தடவை, ஒவ்வொன்றும் 20 நிமிடம். பெரியவர்களுக்கான நாற்காலிகள், மேசைக்கு எதிரெதிராக இல்லாமல் பக்கவாட்டில். முதல் 5 நிமிடம் பெற்றோர் பேசட்டும். அடுத்து, தேதியோடு கூடிய 3 குறிப்புகளை அல்லது படங்களை ஆசிரியர் காட்டுவார். பிறகு ஒரே ஓர் இலக்கு. "மொழித்திறன் மேம்பட வேண்டும்" என்று எழுதினால் அதை யாராலும் செய்ய முடியாது. "வேண்டியதைக் கைகாட்டாமல் இரண்டு சொல் சேர்த்துக் கேட்பது, நர்சரியில் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பொருளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்போம், வீட்டில் உடை மாற்றும்போது அதையே செய்வீர்கள், 6 வாரம் கழித்துப் பார்ப்போம்" என்று எழுதினால் செய்ய முடியும். வேறு குழந்தையின் பெயர் இந்தச் சந்திப்பில் வரவே கூடாது; பெற்றோரே இழுத்தாலும் "உங்க குழந்தை மூணு மாசம் முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பார்ப்போம்" என்று திருப்புங்கள்.

வராத பெற்றோரை அக்கறையற்றவர்கள் என்று முடிவுகட்டும் முன், நேரத்தைப் பாருங்கள். பணிமுறை மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு 10 நிமிடத் தொலைபேசி அழைப்பு போதும். பள்ளி என்றாலே தலைகுனிந்த அனுபவம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதல் மூன்று தடவை நல்ல செய்திக்காக மட்டும் அழையுங்கள். அழைப்பில் "பெற்றோர்" என்று பொதுவாக எழுதினால் பெரும்பாலும் அம்மா மட்டும் வருவார். அப்பாவுக்கும், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாவுக்கும் பெயர் சொல்லி அழைப்பு வையுங்கள். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால், சட்டத் தடை இல்லாதவரை, இருவருக்கும் ஒரே தகவலின் இரண்டு பிரதிகள்.

ஏழாம் படி: கவலையைச் சொல்வது

ஆசிரியருக்கு மிகக் கடினமான வேலை இது. பெயர் சொல்லி அழைத்தால் 9 மாதத்திலும் திரும்பாதது, 15 மாதத்தில் அம்மா, அப்பா தவிர ஒரு சொல்லுக்கும் முயலாதது, 2 வயதில் இரண்டு சொல் சேர்க்காதது ஆகியவை மருத்துவரிடம் பேச வேண்டிய அறிகுறிகள். வந்த சொல்லோ திறனோ மறைந்துபோனால், எந்த வயதானாலும், தாமதிக்கவே கூடாது.

மற்றவற்றுக்கு முதலில் 2 வாரம் கவனித்து எழுதுங்கள்: தேதி, நேரம், என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது. சாதாரணமாகவும் நன்றாகவும் போன நாட்களையும் எழுதுங்கள். பிறகு தனி அறையில், அரை மணி ஒதுக்கி, "வீட்டுல கூப்பிட்டா திரும்புதா? நீங்க என்ன கவனிக்கிறீங்க?" என்று தொடங்குங்கள். பாதிப் பெற்றோர் இந்தக் கேள்விக்காகவே பல மாதம் காத்திருந்திருப்பார்கள். பார்த்ததைச் சொல்லலாம், நோயின் பெயரைச் சொல்லக் கூடாது, அது ஆசிரியரின் வேலையல்ல. பேச்சுத் தாமதம் என்றால் முதலில் கேட்டாக வேண்டியது செவிப்பரிசோதனை. சளிக்குப் பின் நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்பது ஒரு வாரம் நன்றாகவும் ஒரு வாரம் மந்தமாகவும் இருக்கும். "வேணும்னே கேட்கல" என்று எல்லாரும் நினைப்பார்கள். "போகப் போகச் சரியாயிடும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பாதீர்கள். சிலருக்குச் சரியாகும்தான், ஆனால் ஆகாத குழந்தை அந்த ஓராண்டை இழந்துவிடும். எழுதிய குறிப்பின் பிரதியைக் கையில் கொடுங்கள். மருத்துவருக்கு அது பயன்படும். 3 நாள் கழித்து நீங்களே அழையுங்கள். அதிர்ச்சியில் கேட்டது பாதி மறந்திருக்கும்.

கடிப்பது, தள்ளுவது போன்றவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை. சொல் போதாத 1 முதல் 3 வயதில் கடிப்பது சாதாரணம். அன்றே இரு வீட்டாரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள், மற்றக் குழந்தையின் பெயரைச் சொல்லாமல். எந்த நேரத்தில், எதற்கு முன் கடிக்கிறது என்று குறித்தால் பசி, தூக்கம், நெரிசல் இவற்றில் ஒன்று தென்படும். அதை மாற்றினால் பெரும்பாலும் போதும்.

எட்டாம் படி: பெற்றோரை வகுப்பறைக்குள் அழைப்பது

பாடம் நடத்த அழைக்காதீர்கள். தாங்கள் நன்றாகச் செய்யும் ஒரு வேலையை அரை மணி நேரம் குழந்தைகள் முன் செய்ய அழையுங்கள். தையல், மிதிவண்டிச் சக்கரம் கழற்றுவது, மேளம், செடி பதியம் போடுவது எதுவானாலும். ஒரு தடவையில் 5, 6 குழந்தைகள் சுற்றி உட்கார்ந்தால் தொட்டுப் பார்க்க முடியும். கூரிய பொருளுக்கு ஓர் ஆசிரியர் கூடவே நிற்பார். வந்தவரின் சொந்தக் குழந்தை அன்று ஒட்டிக்கொண்டு அழக்கூடும். அதை முன்பே சொல்லி, அதற்கு "உதவியாள்" வேலை கொடுத்துவிடுங்கள்.

மாதக் கடைசியில் 15 நிமிடக் கணக்கு

பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் எதிரே மூன்று கட்டம்: வீட்டிலிருந்து இந்த மாதம் வந்த ஒரு தகவல், அதனால் வகுப்பில் மாறிய ஒன்று, வீட்டுக்கு நாம் சொன்ன ஒன்று. காலியாக இருக்கும் கட்டங்கள் பெரும்பாலும் அமைதியான குழந்தைகளுடையவை, வாசலில் நிற்காமல் விரையும் பெற்றோருடையவை. அடுத்த மாதத்தின் முதல் வாரம் அவர்களுக்கு.

அடுத்த பள்ளிக்குப் போகும்போது கொடுக்கும் பக்கத்தையும் இப்படியே இரண்டாகப் பிரியுங்கள்: மேல் பாதி பொறுப்பாசிரியர், கீழ்ப் பாதி வீட்டார். எதில் மூழ்கும், எப்படி அமைதியாகும், எதற்குப் பயம் என்ற அதே பழைய கேள்விகள், சேர்ந்த வாரம் சொன்ன பதில்களுக்குப் பக்கத்தில் இன்றைய பதில்கள். குழந்தை வரைந்த ஒரு படத்தையும் பின்னாலே இணைத்து, புது ஆசிரியரின் கையில் நேராகக் கொடுக்கப் பெற்றோரிடமே அதை ஒப்படையுங்கள்.